சேற்றுத்தாவி மீன் தொட்டி

சேற்றுத்தாவி மீன் தொட்டி என்பது, ஓதம் ஏறி இறங்கும் சேற்றுக்கரையில் வாழும் உளுவை வகை மீன்களை வீட்டில் வளர்ப்பதற்கான, பாதி நீரும் பாதி நிலமுமாக அமைந்த கண்ணாடித் தொட்டி. விளிம்புவரை நீர் நிரப்பிய வழக்கமான மீன்தொட்டி இவற்றுக்கு உதவாது. இம்மீன்கள் ஈரத்தோல் வழியாகவும் வாயின் உட்தோல் வழியாகவும் காற்றிலிருந்து நேரடியாக உயிர்வளி பெறுகின்றன. பகலின் பெரும்பகுதியை நீருக்கு வெளியே கழிக்கின்றன. எனவே நீரின் தரத்தைப் போலவே கரையின் சரிவும் காற்றின் ஈரமும் இத்தொட்டியில் முதன்மை பெறுகின்றன.

இயற்கை வாழிடம்

காரைக்கால் கோவில்பத்து போன்ற காவிரிக் கடைமடை ஊர்களுக்கு அருகிலுள்ள கழிமுகங்களும், வடக்கே பிச்சாவரம், தெற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளும் இம்மீன்களுக்கு ஏற்ற நிலம். பிச்சாவரம் 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையில் ஆற்றுநீர் பாயும்போது கழிமுகத்தின் உப்பு வெகுவாகக் குறையும். கோடையில் கடல்நீரளவுக்கு ஏறும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் உடலமைப்பு இருப்பதாலேயே சேற்றுத்தாவியை இடைத்தர உவர்நீரில் வளர்க்க முடிகிறது.

இனத் தேர்வு

வீட்டுத் தொட்டிக்கு ஏற்றது 1822இல் பிரான்சிஸ் ஹாமில்டன் விவரித்த ‘பெரியாப்தால்மஸ் நோவெம்ரேடியேட்டஸ்’ போன்ற சிறிய ஊனுண்ணி இனம். 1770இல் பல்லாஸ் விவரித்த ‘போலியாப்தால்மஸ் பொட்டார்டி’ நீலப் புள்ளிகளால் கண்ணைக் கவரும். ஆனால் அது தலையை இடவலமாக ஆட்டிச் சேற்றின் மேற்படலத்திலுள்ள நுண்பாசிகளை மேய்ந்து வாழ்வது. அந்தப் படலத்தை வீட்டில் தொடர்ந்து வளர்ப்பது கடினம் என்பதால், தொட்டியில் அது பட்டினியால் மெலிந்துவிடும். ‘பெரியாப்தால்மோடான் ஸ்க்ளோசெரி’ 25 சென்டிமீட்டரைத் தாண்டி வளரக்கூடியது. வீட்டுத் தொட்டிக்குப் பொருந்தாது.

தொட்டியும் கரையும்

உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம். நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் உள்ள தொட்டியில் சிறிய இன மீன்கள் மூன்று அல்லது நான்கை விடலாம். ஆண் மீன்கள் எல்லை வகுத்து, முதுகுத்துடுப்பை விரித்துச் சண்டையிடும். ஆகவே ஒன்றையொன்று பார்க்காதபடி வேர்க்கட்டைகளையும் கற்களையும் வைத்துப் பல மறைவிடங்கள் அமைக்க வேண்டும்.

நுண்மணலை ஒருபுறம் உயர்த்தி, மறுபுறம் நான்கு அங்குல ஆழ நீரில் மெல்லச் சரியுமாறு பரப்புவது வழக்கம். கழிமுகச் சேற்றை அப்படியே கொண்டுவந்து கொட்டினால் அடியில் உயிர்வளி அற்றுப்போய், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு உருவாகும். வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் கன்றைத் தொட்டிக்குள் வளர்க்க வலுவான வெளிச்சம் தேவை. அது இலைவழியே உப்பை வெளியேற்றுவதால் இலைகளை அவ்வப்போது நன்னீரால் கழுவ வேண்டும்.

நீர்

லிட்டருக்குச் சுமார் 15 கிராம் உப்பு போதும். நீரடர்த்திமானியில் இது ஏறத்தாழ 1.010 எனக் காட்டும். மேற்கண்ட தொட்டியில் 25 லிட்டர் நீர் இருந்தால் 375 கிராம் கடல் உப்புக் கலவை வேண்டும். சமையல் உப்பும் வேதாரண்யம் உப்பளத்து உப்பும் இதற்கு ஈடாகா. உப்பு விளையும்போது சுண்ணச்சத்து முன்னரே படிந்துவிடுகிறது, மக்னீசியம் மிகுந்த கழிநீர் வடிக்கப்படுகிறது. எஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். கரையோர ஆழ்குழாயின் உவர்நீரிலும் உப்புகளின் விகிதம் கடல்நீரினின்று மாறுபடலாம்.

நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். அன்றாடம் குறையும் நீரைக் குளோரின் நீக்கிய நன்னீரால்தான் ஈடுசெய்ய வேண்டும், உப்புநீரால் அன்று. நீரின் அளவு குறைவென்பதால் கழிவு விரைவில் சேரும். ஸ்பாஞ்ச் பில்டருடன், வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுவது நல்லது. மாற்றும்போது மட்டும் அதே அளவு உப்புக் கரைத்த நீரை ஊற்ற வேண்டும்.

காற்றும் வெப்பமும்

தொட்டிக்கு இறுக்கமான மூடி இன்றியமையாதது. காற்றின் ஈரம் குறைந்தால் தோல் உலர்ந்து மூச்சுவிட முடியாமல் போகும். திறந்த தொட்டியிலிருந்து மீன் கண்ணாடியில் ஒட்டி ஏறித் தப்பியும்விடும். உகந்த வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். காரைக்காலில் ஹீட்டருக்கு அநேகமாக வேலை இராது. அக்னி நட்சத்திர நாட்களில் தொட்டி கொதிக்காமல் பார்த்துக்கொள்வதே வேலை. மூடியில் வலையிட்ட சிறு காற்றுத்துளைகள் வைத்து, வெயில் படாத இடத்தில் தொட்டியை நிறுத்த வேண்டும்.

உணவு

சிறு இறால் துண்டு, உறைந்த ரத்தப்புழு, பூச்சிகள் ஆகியவை ஏற்றவை. நிலத்தில் இரையைக் கவ்வும்போது இம்மீன் வாயில் தேக்கிய நீரை முன்னே தள்ளி, இரையோடு சேர்த்து உள்ளிழுக்கிறது; ஓர் ஆப்பிரிக்க இனத்தை ஆராய்ந்து 2015இல் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. அதனால் உணவை உலர்ந்த மேட்டில் வைக்காமல் நீரோரத்தில் இடுவது பொருத்தம்.

இனப்பெருக்கமும் விதிகளும்

முட்டைகள் சேற்றுக்குள் தோண்டிய வளையில், காற்று தேங்கிய அறையில் இடப்படுகின்றன. ஆண் மீன் வாயில் காற்றைக் கொண்டுவந்து அந்த அறையை நிரப்புவதும் உண்டு. ஆழமற்ற மணலில் இத்தகைய வளை நிற்காது என்பதால் வீட்டில் இவை பெருகுவது அரிது. வளர்க்கப்படுபவை பெரும்பாலும் இயற்கையில் பிடிக்கப்பட்டவையே. அலையாத்திக் காடுகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற பகுதிகள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றி மீன் பிடிப்பதும் சேறு அள்ளுவதும் கூடாது. வேற்றிடத்தில் வாங்கிய மீனைக் கழிமுகத்தில் விடுவதும் தவிர்க்கப்பட வேண்டும். நோயும் அயலினமும் பரவ அதுவே வழியாகும்.