பாய் விரித்த கப்பல்

திண்டுக்கல்லில் கடல் இல்லை. ஆனாலும் இந்தச் சமவெளியில் மலாயாவுக்கு ஆள் போன வீடுகளில் ரஜூலா என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருக்கவில்லை. ரயிலேறி திருச்சி, தஞ்சாவூர் தாண்டி நாகப்பட்டினம் போனால் கப்பல் கரையை விட்டுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும்.

1926-ல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் கட்டிய நீராவிக் கப்பல் அது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகை, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போய்த் திரும்புவதே அதன் பிழைப்பு. அறை எடுத்துப் போனவர்கள் கொஞ்சம் பேர்தான். அறையில்லாமல் தளத்திலேயே போகும் டெக் பயணிகளாக ஒருகாலத்தில் 5,000 பேருக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. கப்பல் பிரியர்கள் இந்த எண்ணைச் சாதனையாகச் சொல்வார்கள். ஒரு தலைக்குப் பாய் விரிக்கும் அளவு இடம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பெருமை நிற்காது. கம்பெனிக்கு வருமானம் தந்தது அந்தப் பாய்கள்தான். பினாங்கில் ஜெரேஜாக் தீவிலும் சிங்கப்பூரில் செயின்ட் ஜான் தீவிலும் நோய்த் தடுப்புக்காகப் பிடித்து வைக்கப்பட்டவர்களும் பெரும்பாலும் டெக் பயணிகளே.

போர்க்காலத்தில் ரஜூலா படைகளை ஏற்றியது. அதன் ஜோடிக் கப்பல் ரோனா 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கடலில் ஜெர்மன் விமானக் குண்டுக்கு இரையாகி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரஜூலா தப்பித்துப் பழைய தடத்துக்கு வந்தது.

வந்தபோது பயணிகள் மாறியிருந்தார்கள். தோட்டங்களுக்கு ஆள் பிடிக்கும் கங்காணி திரட்டிய கூலிகளின் காலம், 1938-ல் அப்படி ஆள் அனுப்ப இந்திய அரசு தடை போட்டதோடு முடிந்திருந்தது. 1953-ல் மலாயாவும் குடியேற்றச் சட்டத்தால் வாசலைக் குறுக்கியது. இனி ஏறியவர்கள் கடைக்காரர்கள், கல்யாணத்துக்கு ஊர் வந்து திரும்புபவர்கள், கணவனிடம் போகும் பெண்கள். 1969-க்குப் பின் மலேசியா, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதியைக் கட்டாயமாக்க, தோட்டங்களை விட்டுப் பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். தாத்தாவைக் கொண்டுபோன தடத்திலேயே பேரனும் வந்தான், அவன் பார்த்தே இராத ஊருக்கு.

1973-ல் ரஜூலாவை இந்தியக் கப்பல் கழகம் வாங்கி ரங்கத் என்று அந்தமான் ஊரொன்றின் பெயர் வைத்தது. பெயர் நிலைக்கும் முன்பே உடைக்கப் போய்விட்டது. அதன் தடத்தில் எம்.வி. சிதம்பரம் வந்தது; பாஸ்டர் என்ற பெயரில் பிரெஞ்சுக்காரர்கள் ஓட்டிய கப்பல். 1980-களின் நடுவில் கடலில் அது தீப்பிடித்துப் பல பயணிகள் இறந்தார்கள். சிதம்பரம் மறுபடி அந்தத் தடத்துக்கு வரவில்லை. சிங்கப்பூர் போக வேண்டிய திண்டுக்கல்காரர் விமான டிக்கெட் எடுக்கத் தொடங்கினார்.