குப்பைப் பை தபால் பையான கதை

விட்பியிலிருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் ஐந்து மணித்தியாலத்தில் மொன்றியல். மருந்தை உடம்புக்குள் சரியான இடத்தில் எப்படிச் சேர்ப்பது என்ற கேள்வியின் வரலாற்றில் இரண்டு பெரிய அத்தியாயங்கள் அந்த நகரத்தில், மக்கில் பல்கலைக்கழகத்தில் தொடங்கின. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

1957. சீனாவில் பிறந்த தோமஸ் சாங் அப்போது அங்கே இளநிலை மாணவர். தன் விடுதி அறையையே ஆய்வுகூடமாக்கி, செலுலோஸிலிருந்து வரும் கொலோடியன் என்ற பொருளால் மெல்லிய பைகள் செய்து, அவற்றுக்குள் ஹீமோகுளோபினை அடைத்தார். உலகின் முதல் செயற்கைக் கலங்கள் அவைதான். உயிர்களிடமிருந்து கிடைக்கும் பல்பகுதியம், அதாவது பயோபொலிமர், மருத்துவத்துக்குப் பை தைத்துத் தரும் என்ற எண்ணத்துக்கு அது ஒரு பிள்ளையார் சுழி.

இரண்டாவது ஆள் ரோஸ் ஜோன்ஸ்டன். போலந்தில் பிறந்து, சிறுவயதில் கனடாவுக்கு வந்தவர். மக்கிலில் உயிர்வேதியியல் துறைக்குத் தலைவரான முதல் பெண். முதிராத சிவப்பணுவின் மேற்பரப்பில் இரும்பை உள்ளே எடுக்கும் ஏற்பிகள் இருக்கும். அணு முதிர்ந்ததும் அவை காணாமல் போய்விடும். எங்கே போகின்றன? செம்மறியாட்டு இரத்தத்தில் தேடினார் ஜோன்ஸ்டன். அணு அவற்றை மிகச் சிறிய பைகளில் கட்டி வெளியே தள்ளுவதை 1983இல் அவரது குழு காட்டியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரக் குழுவொன்றும் எலியின் அணுக்களில் இதையே கண்டது. 1987இல் ஜோன்ஸ்டன் அந்தப் பைகளுக்கு 'எக்சோசோம்' என்று பெயர் வைத்தார்.

கலம் குப்பை கொட்டுகிறது, அவ்வளவுதான் என்று பலர் கடந்து போனார்கள். 1996இல் இந்தப் பைகள் நோய் எதிர்ப்புக் கலங்களைத் தூண்டுவது தெரிந்தது. 2007இல் சுவீடன் ஆய்வாளர்கள், இவை ஆர்என்ஏவைச் சுமந்துபோய் வேறொரு கலத்திடம் கொடுப்பதைக் காட்டினார்கள். குப்பைப் பை தபால் பையானது! 2011இல் ஒக்ஸ்போர்ட் குழு அதில் மருந்து ஆர்என்ஏவை ஏற்றி எலியின் மூளைவரை அனுப்பியது.

ஆனால் ஒரு சிக்கல். ஊசியால் ஏற்றும் பைகளில் பெரும்பங்கை ஈரலும் மண்ணீரலும் விரைவாகவே வடித்துவிடும். தபால் வந்தது, வீட்டுக்குச் சேரவில்லை என்ற கதைதான். இங்கேதான் பல்பகுதியங்கள் உள்ளே வருகின்றன. பழுப்புக் கடற்பாசியில் அல்ஜினேட் இருக்கிறது. கல்சியம் பட்டதும் அது களியாக உறையும். மன்னார் வளைகுடாவில், இராமேஸ்வரம், மண்டபம் பக்கத்துப் பெண்கள் மூச்சடக்கி மூழ்கி எடுக்கும் பாசிகளில் அந்த இனமும் உண்டு. நாம் கழித்துப்போடும் இறால் கோதிலிருந்து கைட்டோசான் வருகிறது. இப்படிப்பட்ட களிக்குள் பைகளை வைத்துக் காயத்திலேயே விட்டால், அவை அங்கேயே தங்கி மெல்ல மெல்லக் கசியும். 2018இல் சீன ஆய்வாளர்கள் கைட்டோசான் களியில் எக்சோசோம்களை வைத்து, இரத்த ஓட்டம் குறைந்த எலிக் கால்களில் செலுத்தினார்கள். பைகள் கூடுதல் நேரம் தங்கின. கால்களும் நன்றாகத் தேறின.

கவனியுங்கள், அது எலியில். மனிதருக்கு வருமுன் பைகளை ஒரே தரத்தில், பெரிய அளவில் செய்யவேண்டும், பாதுகாப்பையும் நிரூபிக்கவேண்டும். அதற்குள் 'எக்சோசோம் சிகிச்சை' என்று விற்கிறவர்கள் வந்துவிட்டார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அனுமதியற்ற எக்சோசோம் பொருட்களைப் பெற்ற நோயாளிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாக, 2019 டிசம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் எச்சரித்தது. அனுமதி பெற்ற எக்சோசோம் மருந்து எதுவும் இல்லை என்றும் சொன்னது.

அப்பாவின் முழங்கால் வலிக்கோ அம்மாவின் முடி உதிர்வுக்கோ இப்படியொரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தால், வீட்டில் ஆங்கிலம் வாசித்துச் சொல்வது பெரும்பாலும் நீங்கள்தான். "இதை யார் அனுமதித்தது? மனிதரில் சோதித்தார்களா?" என்று கேளுங்கள். ஜோன்ஸ்டனும் "எங்கே போகிறது?" என்ற ஒரு கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டுதான் இதைக் கண்டுபிடித்தார்.