ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம்: பணம் வந்த வழி

ஆன்லைன் டிகிரி என்றாலே கோவிட் காலத்துச் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகம் இதை 1989-லேயே ஆரம்பித்துவிட்டது. வெப் என்ற ஒன்றே பொதுமக்கள் கைக்கு வராத காலம். மோடத்தில் டயல் செய்து, மற்றவர்கள் எழுதியதைப் படித்து, நமக்கு நேரம் கிடைக்கும்போது பதில் போடணும். வீடியோ கிடையாது, வெறும் எழுத்துதான்.

நிறுவியவர் ஜான் ஸ்பெர்லிங். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு, கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயில் பேராசிரியராக இருந்தவர். 1970-களின் தொடக்கத்தில் ஆசிரியர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் பயிற்சி வகுப்பு எடுக்கப்போன இடத்தில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. வேலையில் இருப்பவர்களுக்குப் படிக்கும் ஆசை நிறையவே இருக்கிறது. ஆனால் பகலில் வகுப்புக்கு வா என்றால் எப்படி வருவார்கள்? அவருடைய கல்லூரி இதைக் கண்டுகொள்ளவில்லை. கலிஃபோர்னியாவின் அங்கீகார அமைப்போடும் மோதல். மனுஷன் அரிசோனாவுக்கு மூட்டை கட்டினார். 1976-ல் பல்கலைக்கழகம், 1978-ல் முறையான அங்கீகாரம். (போலிப் பல்கலைக்கழகம் என்று திட்டுபவர்கள் கவனிக்க: அங்கீகாரம் அசல்தான்.) ஒரு நேரத்தில் ஒரே பாடம், ஐந்தாறு வாரத்தில் முடிந்துவிடும். நடத்துபவர்கள் பெரும்பாலும் பகலில் அதே துறையில் வேலை பார்ப்பவர்கள். சேர 23 வயதாகியிருக்கணும். இன்றைக்குப் பார்த்தாலும் நல்ல டிசைன்தான்னு எனக்குப் படுகிறது.

அப்புறம் எங்கே கோணல்? பணம் வரும் வழியைப் பாருங்க. மாணவன் வாங்கும் அரசுக் கல்விக்கடன் நேராகக் கல்லூரிக்குப் போகிறது. அவன் பாதியில் நின்றாலும் கடன் அவன் தலையில்தான். மஞ்சள் கடுதாசி கொடுத்தாலும் எளிதில் தீராது. ஆக, கல்லூரிக்கு வருமானம் ஆள் சேருவதில் இருக்கிறது, முடிப்பதில் இல்லை.

இது நாடாளுமன்றத்துக்குத் தெரியாததல்ல. 1992-ல் மூன்று தடுப்பு போட்டார்கள். பாதிக்கு மேல் தொலைநிலைப் பாடம் என்றால் அரசுக் கடனுதவி இல்லை. ஆள் சேர்ப்பவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கூடாது. லாப நோக்கக் கல்லூரியின் வருமானத்தில் 15 சதவீதமாவது அந்த அரசு உதவிக்கு வெளியிலிருந்து வரணும்.

1994-ல் தாய் நிறுவனமான அப்போலோ பங்குச்சந்தைக்குப் போனது. 1998-ல் 15 சதவீதம் 10 ஆனது. 2002-ல் கமிஷன் தடைக்குக் கல்வித்துறையே விலக்குகள் கொடுத்தது. 2006-ல் தொலைநிலை விதி எடுக்கப்பட்டது. ப்ரொடக்‌ஷன் கோடில் செக் ஒவ்வொன்றையும் ஆளுக்கொருவர் கமெண்ட் போட்டு எடுத்த மாதிரி!

அதே 2006-ல் அரிசோனாவின் கால்பந்து மைதானத்துக்குத் தன் பெயரைச் சூட்ட, 20 ஆண்டுகளுக்கு 15.45 கோடி டாலர் என்று ஃபீனிக்ஸ் ஒப்பந்தம் போட்டது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கென்று ஒரு கால்பந்து அணி கிடையாது. 2010-ல் மாணவர் எண்ணிக்கை சுமார் 4.7 லட்சம். தலைக்கணக்கில் கமிஷன் கொடுத்ததாக முன்னாள் ஊழியர்கள் இருவர் போட்ட வழக்கை, தவறை ஒப்புக்கொள்ளாமலே 2009-ல் 7.85 கோடி டாலருக்கு முடித்துக்கொண்டார்கள்.

செனட்டர் டாம் ஹார்கின் குழு 2012-ல் வெளியிட்ட அறிக்கை இத்தகைய 30 நிறுவனங்களை ஆராய்ந்தது. விளம்பரத்துக்கும் ஆள் சேர்ப்புக்கும் வருமானத்தில் 22.7 சதவீதம், பாடம் நடத்த 17.2. ஆள் சேர்க்க 35,202 பேர், படித்தவர்களுக்கு வேலை தேட உதவ 3,512 பேர். வேறெதுவும் படிக்காவிட்டாலும் இந்தக் கடைசி இரண்டு எண்களைப் பார்த்துவிடுங்கள்.

பெரிய கம்பெனிகளோடு கூட்டு இருப்பதுபோல ஃபீனிக்ஸ் விளம்பரம் செய்தது என்ற புகார் 2019-ல் 19.1 கோடி டாலர் உடன்பாட்டில் முடிந்தது. அதில் 14.1 கோடி, மாணவர்கள் பல்கலைக்கழகத்துக்கே தர வேண்டியிருந்த பாக்கியின் தள்ளுபடி. அரசுக் கடன் அதில் சேராது. அந்தக் கடனில் சுமார் 3.7 கோடி டாலரை, 1,200-க்கும் மேற்பட்டவர்களுக்கு, கல்வித்துறை ரத்து செய்தது 2023-ல். அவர்கள் சேர்ந்து படித்தது 2012-க்கும் 2014-க்கும் இடையில்.