சூரியன் சாயறதுக்குள்ள: நிலவரி ஏலமும் நோட்டீசும்

நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்தவங்களுக்கு நிலவரி ரசீது பழக்கமே இருக்காது. குவார்ட்டர்ஸ் நிறுவனத்தோடது, பிளாக் நம்பரும் வீட்டு நம்பரும் தெரிஞ்சா போதும். ரிட்டயர் ஆகி வடலூர் பக்கம் ஒரு மனையோ கொல்லையோ வாங்கின பிறகுதான் பட்டா, சிட்டா, கிஸ்தி பாக்கி எல்லாம் பேச்சில் வரும். அப்போ எழற ஒரு கேள்விதான் இன்றைய எபிசோட்: வரி பாக்கிக்காக நிலத்தை ஏலம் விடறதுன்னா, உடையவருக்கு எப்படிச் சொல்லணும்?

பதில் இருக்கிறது 1864-ம் வருஷத்து இரண்டாவது சட்டத்தில். நெய்வேலி நிறுவனம் 1956-ல் வர்றதுக்கு 92 வருஷம் முன்னாடி, இந்தப் பகுதி தென்னாற்காடு ஜில்லாவா இருந்தப்போ எழுதினது. அன்னிக்கு 'சென்னை வருவாய் வசூல் சட்டம்'. இன்னிக்கு பேர்ல 'தமிழ்நாடு' வந்திருக்கு, சட்டம் அமலில்தான் இருக்கு. நகராட்சி, ஊராட்சி சொத்து வரிக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. நாம பேசறது நிலவரி. ஆனா அரசுக்குச் சேரவேண்டிய வேறு பல பாக்கிகளையும் இதே வழியில வசூலிக்க 52-வது பிரிவு இடம் கொடுக்குது.

அதுக்கு முன்னாடி எப்படி வசூல் நடந்தது? 1855-ல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் கமிஷன் அறிக்கை வந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் மூணு பேர் கமிஷனர்கள். வரி வசூலுக்காகக் குடியானவர்களை அடிச்சதும் வதைச்சதும் உண்மைதான்னு எழுதினாங்க. கிட்டி போட்டு விரலை நசுக்கறது ஒண்ணு. இன்னொண்ணு அண்ணந்தாள்: ஆளைக் குனியவெச்சு, தலையையும் காலையும் சேர்த்துக் கட்டி வெயிலில் விடறது. மாட்டுக்குப் போடற கட்டு, மனுஷனுக்கு.

ஒன்பது வருஷம் கழிச்சு வந்த சட்டம், வசூல் எந்தெந்தப் படியா நடக்கணும்னு எழுதி வெச்சது. நிலத்தை ஜப்தி பண்றதுக்கு முன்னாடி எழுத்துமூலம் கேட்பு நோட்டீஸ் போகணும்: எவ்வளவு பாக்கி, எந்த நிலத்துக்கு, எத்தனை நாள் அவகாசம். நோட்டீஸ் கொண்டுவர்ற ஆளோட பேட்டாவும் பாக்கிக்காரர் கணக்குலதான்! ஜப்தி ஆனா நிலத்திலேயே நோட்டீஸ் ஒட்டி, அங்கேயே சத்தம் போட்டு அறிவிச்சு, ஜில்லா கெஜட்டிலும் போடணும். அப்புறம் ஏல நோட்டீஸ். ஏலத்துக்குக் குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி, இங்கிலீஷிலும் ஜில்லா மொழியிலும். கலெக்டர் ஆபீஸ், தாலுகா கச்சேரி, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன், அந்த நிலம்னு நாலு இடத்துல ஒட்டணும். ஏலத்துக்கு முந்தின நாள் சூரியன் சாயறதுக்குள்ள பாக்கி, வட்டி, செலவு எல்லாம் கட்டிட்டா ஏலம் நிக்கும்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 25-வது பிரிவைப் பாருங்க. கேட்பு நோட்டீஸை பாக்கிக்காரர்கிட்டயோ அவரோட ஏஜெண்ட்கிட்டயோ கொடுக்கலாம். அல்லது வீட்டில் இருக்கிற வயசுவந்த ஆண்கிட்ட கொடுக்கலாம். ஆண்! கொல்லையில களை எடுத்து அந்தக் கிஸ்திக்கே காசு சேர்த்த அம்மா வாசல்ல நின்னாலும் சட்டத்தோட கண்ணுக்குத் தெரியமாட்டாங்க. அப்படியும் இல்லைன்னா கடைசியா குடியிருந்த வீட்டிலோ நிலத்திலோ ஒட்டிட்டுப் போகலாம். பாக்கிக்காரர் பினாங்குக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கார்னு வைச்சுக்குவோம். முந்திரி மரத்துல ஒட்டின காகிதம் அவருக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 2006-ல. ஆர்க்கன்சா மாநிலத்துல ஒருத்தரோட வீடு, வரி பாக்கிக்காக விற்பனைக்கு வந்தது. அவர் அங்க குடியில்லை. பதிவுத் தபால் ரெண்டு தடவையும் வாங்க ஆளில்லாம திரும்பி வந்தது. தபால் திரும்பிடுச்சுன்னு தெரிஞ்சும் அரசு சும்மா இருக்கக்கூடாது, மேற்கொண்டு ஏதாவது செய்யணும்னு தீர்ப்பு. என்ன செய்யலாம்னு சொன்னதுல ஒண்ணு, வாசக்கதவுல நோட்டீஸ் ஒட்டறது. நம்ம ஊர்ல 1864-லயே ஒட்டறது இருந்தது. இங்க குறை வேற: ஒட்டியாச்சுன்னா சொல்லியாச்சுன்னு கோப்பு மூடிடும்.

மூடினா என்ன ஆகும்? நிலவரி பாக்கிக்காக அந்த நிலத்தையே ஏலம் விட்டா, அடமானம் உள்பட எந்த வில்லங்கமும் இல்லாமதான் அது வாங்கினவர் கைக்குப் போகும். ஏலத்தை ரத்து பண்ண 30 நாள்தான். ஒரு வழி, பாக்கியோட ஏலத்தொகையில 5 சதவீதமும் சேர்த்துக் கட்டறது. இன்னொரு வழி, நோட்டீஸ்லயோ ஏலத்துலயோ தப்பு நடந்ததுன்னு கலெக்டர்கிட்ட மனு போடறது. ஆனா முறைகேடு நடந்ததைக் காட்டினா மட்டும் போதாது; அதனால பெரிய நஷ்டம் வந்ததுன்னும் நிரூபிக்கணும். நோட்டீஸே பார்க்காதவர், அதுவும் முப்பது நாள்ல!

சுத்துவட்டாரத்துல எத்தனையோ வீட்டில் பட்டா இன்னமும் தாத்தா பேர்லதான் இருக்கு. சர்க்கார் கணக்குல எந்தப் பேர் இருக்கோ அந்தப் பேருக்குத்தான் நோட்டீஸ் கிளம்பும். தாத்தா போய் முப்பது வருஷம் ஆகியிருக்கலாம். அடுத்த தடவை கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கும்போது, பட்டா யார் பேர்ல ஓடுதுன்னு கேட்டுட்டு வாங்க.