அன்று, அன்று என்போர்



அவிநாசிக்கு வடக்கே ஐந்தாறு கல் தொலைவிலுள்ள ஒரு சிற்றூரில் நான் பல்லாண்டுகள் வரலாற்று ஆசிரியனாக இருந்தேன். அவ்வூரில் காந்தியடிகள் பிறந்த நாளன்று கூடிய ஒரு கிராம சபைக் கூட்டம் இன்னும் என் நினைவில் நிற்கிறது. நடந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. வேப்ப மரத்தடியில் பந்தல். ஒருபுறம் பெண்கள், ஒருபுறம் ஆடவர். நடுவே ஒரு மேசையும் தீர்மானப் புத்தகமும். தெருவிளக்கைப் பற்றிய தீர்மானம் முதலில் படிக்கப்பெற்றது. முன்வரிசையில் இருந்த முதிய குடியானவர் ஒருவர் எழுந்து, "அதெல்லாம் ஆகாதுங்க" என்றார். அடுத்துச் சாலையைப் பற்றிப் படித்தார்கள். "அதும் ஆகாதுங்க" என்றார். காரணம் கேட்டால், என்றோ யாரோ செய்த தவறு ஒன்றை எடுத்து விரிப்பார். இடைமறித்தால் குரலை உயர்த்துவார். அவர் பேச்சில் நகைச்சுவை இருந்தது என்பதை நான் மறைப்பதற்கில்லை. இளைஞர் சிலர் அதற்காகவே அவரைத் தூண்டிவிட்டனர். வெயில் ஏறியதும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து சென்றனர். குடிநீரைப் பற்றிப் பேச வந்தவர்கள் அவர்கள், பேசாமலேயே போயினர்.

பலர் கூடிப் பேசும் இடம் எதுவாயினும், மரத்தடியோ, மன்றமோ, இந்நாளில் கைபேசி வழியே கூடும் குழுவோ, அங்கே இத்தகையவர் ஒருவர் வந்து சேர்ந்துவிடுகிறார். அவரை என் செய்வது? பேச விட்டால் பிறர் பேச இயலாது. வாயை அடைத்தால், மாற்றுக் கருத்தையே அடைத்தவர்கள் ஆகிவிடுவோம். இச்சிக்கல் நம் காலத்தில் தோன்றியதன்று. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாண்டி நாட்டு ஊரவை ஒன்று இதே இடரில் அகப்பட்டு, ஒரு முடிவும் செய்து, அம்முடிவைக் கல்லிலே பொறித்து வைத்திருக்கிறது.

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் மானூர் என்னும் ஊர் இருக்கிறது. பழங்காலத்தில் அதற்கு மானநிலைநல்லூர் என்று பெயர். அங்குள்ள சிவன் கோயிலில் மாறஞ்சடையன் என்னும் பாண்டிய மன்னனது முப்பத்தைந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உளது. அதன் காலம் கி.பி. 800-ஐ ஒட்டியது என்பர். பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் இதன் சிறப்பை எடுத்துக்காட்டி எழுதியுள்ளார். பறை அறைந்து அறிவித்து, மகாசபையார் கூடியிருந்து, தம் சபை இனி எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதற்கு விதிகள் செய்துகொண்டனர் என்று அக்கல்வெட்டு கூறுகிறது. அரசன் விதித்த கட்டளை அன்று அது. அவையோர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட கட்டுப்பாடு.

ஊரில் பங்குடையவருடைய மக்களுள் ஒருவரே, அதுவும் நல்லொழுக்கமும் வேதக் கல்வியும் தரும நூற் பயிற்சியும் உடையவரே, அப்பங்கிற்காகச் சபையில் அமரலாம் என்பது முதலான விதிகளைச் சொல்லி வந்து, இறுதியில் நமக்கு வேண்டிய விதியைக் கூறுகிறார்கள். சபைக்கு வருகின்ற ஒவ்வொரு கருமத்திற்கும் "அன்று, அன்று" என்று சொல்லிக் குறுக்கே நிற்றல் கூடாது. அவ்வாறு நின்றவரும், அவருக்குத் துணை நின்றவரும், அங்ஙனம் நின்ற ஒவ்வொரு கருமத்திற்கும் ஐந்து காசு தண்டம் இறுத்தல் வேண்டும். தண்டம் இறுத்த பின்னரும் அவ்விதிகளுக்கு அடங்கியே நடத்தல் வேண்டும்.

இங்கே "அன்று" என்பது கழிந்த நாளைக் குறிக்கும் சொல் அன்று. "அல்ல" என்று மறுக்கும் சொல். ஒரு தீர்மானம் விதியாவதற்கு முன் ஒரு தொல்லை இருந்திருக்க வேண்டும். எத்தனை பகல் அச்சபையார் அந்த "அன்று, அன்று" என்னும் ஒலியைக் கேட்டுச் சலித்திருப்பார்கள்! கல்வெட்டு அம்மனிதரின் பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் அவர் குரல் எனக்குக் கேட்கிறது. அந்த வேப்ப மரத்தடியில் கேட்ட குரலாகவே கேட்கிறது.

மாணவர்கள் இவ்விதியைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். மறுப்பவனுக்குத் தண்டம் என்று சபையார் சொல்லவில்லை. எல்லாவற்றையும் மறுப்பவனுக்கே தண்டம். ஒன்றை ஆராய்ந்து "அன்று" என்பவன் அவைக்குத் துணை. ஆராயாமலே எதற்கும் "அன்று" என்பவன் அவைக்குப் பகை. இவ்வேறுபாட்டை அவர்கள் கண்டிருந்தனர். மேலும், தண்டம் ஆளுக்கு அன்று, செயலுக்கு. கருமந்தோறும் ஐந்து காசு. அவனைச் சபையினின்றும் நீக்குக என்னும் சொல் அவ்விதியில் இல்லை. காசை வைத்துவிட்டு மறுநாளும் அவன் வந்து அமரலாம். மூன்றாவது நுட்பம் துணை நின்றவரைப் பற்றியது. குறும்பு செய்பவன் ஒருவன். அவனுக்கு ஊக்கமூட்டிப் பின்னின்று சிரிப்பவர் பலர். அவர்களுடைய மடியிலும் சபையார் கை வைத்தனர். இதனைப் படிக்குந்தோறும் எங்கள் ஊர் இளைஞர்களை நினைத்துக்கொள்கிறேன், என்னையும் நினைத்துக்கொள்கிறேன்.

ஒரு நூற்றாண்டு கழித்துத் தொண்டை நாட்டு உத்திரமேரூரில் வேறொரு வழி கண்டனர். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட அவ்வூர்க் கல்வெட்டுகளைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். முப்பது குடும்புகள், குடவோலை, ஓலையை எடுத்துக் கொடுக்கும் சிறுவன் ஆகிய அனைத்தும் பலரும் அறிந்தவை, ஆதலின் விரிக்கவில்லை. நம் பொருளுக்கு இன்றியமையாதது தகுதியின்மைப் பட்டியல். கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர், பிறர் பொருளைக் கவர்ந்தவர் ஆகியோரோடு "சாகசியர்" என்போரையும் வாரியங்களினின்று விலக்கினர். முன்பின் பாராது முரட்டுத் துணிச்சலில் இறங்குவோரை இச்சொல் குறிக்கும். மானூரார் உள்ளே வந்தவனை விதியால் அடக்கினர். உத்திரமேரூரார் அத்தகையவனை வாயிலிலேயே நிறுத்தினர். பின்னையது எளிய வழி. ஆனால் வாயிலில் நிற்பவர் எவரைச் சாகசியர் என்பது என்று தீர்மானிப்பவர், முன்னரே உள்ளே இருப்பவர் அல்லரோ?

வாயிலைப் பற்றிப் பேசும்போது மானூரையும் மிகைபடப் புகழ்தல் ஆகாது. அச்சபை பிரமதேய ஊரின் சபை. நிலப் பங்குடைய அந்தணருக்கே அதில் இடம். உழுதவரும், நெய்தவரும், பெண்டிரும் அங்கே "ஆம்" என்றும் சொல்ல இயலாது, "அன்று" என்றும் சொல்ல இயலாது. இதன் விளைவை அறிய நம் கொங்கு நாட்டுக் கல்வெட்டு ஒன்றே போதும். கரூர்ப் பசுபதீசுவரர் கோயிலில், கோனேரின்மைகொண்டான் என்னும் பட்டத்தோடு வெளிவந்த அரசாணை ஒன்று இருக்கிறது. வெங்கால நாட்டுக் கம்மாளர் தம் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், காலுக்குச் செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம் என்று அவ்வாணை உரிமை அளிக்கிறது. கோயிலையும் கோபுரத்தையும் கட்டிய கைகள் தம் வீட்டிற்குச் சாந்து பூச அரசனுடைய ஓலை வேண்டியிருந்தது! "இது தகாது" என்று அவர்கள் சென்று உரைப்பதற்கு ஓர் அவை இருந்திருப்பின், அரசன் வாயில் வரை அச்செய்தி செல்ல நேர்ந்திராது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிக் கடல் கடந்து ஒரு காட்சி. பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் பார்னெல் தலைமையிலிருந்த அயர்லாந்து உறுப்பினர்கள், தம் நாட்டின் மீது அடக்குமுறைச் சட்டம் வருவதைத் தடுக்க, பேசிக்கொண்டே இருப்பது என்னும் உபாயத்தைக் கையாண்டனர். 1881 ஜனவரி 31 மாலையில் தொடங்கிய கூட்டம் முடிவின்றி நீண்டது. நாற்பத்தொரு மணி நேரம் சென்றபின், பிப்ரவரி 2 காலையில் சபாநாயகர் பிராண்ட், விதியில் இடம் இல்லாதிருந்தும், தம் பொறுப்பிலேயே விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கு விட்டார். மறுநாள் அயர்லாந்து உறுப்பினர் முப்பத்தாறு பேர் சபையினின்றும் நீக்கிவைக்கப்பட்டனர். விவாதத்தை முடித்துவைக்கும் விதி பின்னர் அச்சபையில் நிலைபெற்றது. வரலாற்று மாணவன் இங்கே தடுமாறத்தான் வேண்டும். சபையின் கண்ணுக்கு அவர்கள் "அன்று, அன்று" என்ற குறும்பர்கள். அயர்லாந்தின் கண்ணுக்கோ, எண்ணிக்கையில் என்றும் தோற்கவே விதிக்கப்பட்ட ஒரு மக்களுக்கு எஞ்சியிருந்த ஒரே படைக்கலம் அது. மானூர்ச் சபையார் பார்னெலுக்கு எத்தனை காசு தண்டம் விதித்திருப்பார்கள் என்று சில வேளை நான் கணக்கிட்டுப் பார்ப்பதுண்டு.

மீண்டும் வேப்ப மரத்தடிக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, ஊரின் வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர். மானூரில் அடைத்திருந்த வாயில் திறந்துவிட்டது. அன்று கடைசியாகப் படிக்கப்பெற்ற தீர்மானம், ஊர்க் குட்டையின் ஒரு மூலையில் கூடம் ஒன்று எழுப்புவது பற்றியது. குட்டை வறண்டு பல்லாண்டுகள் ஆகியிருந்தன. சீமைக் கருவேல் மண்டிக் கிடந்தது. முதியவர் எழுந்தார். "அது ஆகாதுங்க. அத்திக்கடவுத் தண்ணி வந்தா எங்கீங்க நிக்கும்?" என்றார்.

சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். அத்திக்கடவுத் தண்ணீர் என்பது எங்கள் பக்கத்தில் மூன்று தலைமுறை கேட்டு அலுத்த சொல். பவானி ஆற்றின் உபரி நீரைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டு வருக என்று வேண்டாத தேர்தல் இல்லை, எழுதாத மனு இல்லை. அதற்காக 2016-இல் அவிநாசியில் மக்கள் உண்ணாநோன்பே இருந்தனர். தெருவிளக்கையும் சாலையையும் மறுத்த அதே வாயிலிருந்து இம்மறுப்பும் வந்தமையால், இதனைத் தனியே எடுத்து நிறுத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. பிற்பகல் ஆகிவிட்டது, அனைவருக்கும் பசி. தீர்மானம் நிறைவேறிற்று. கூடமும் எழுந்தது.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்திற்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் நிரப்பும் அத்திட்டம் 2024 ஆகஸ்டு 17 அன்று தொடங்கி வைக்கப்பெற்றது. எங்கள் ஊர்க் குட்டைக்கும் குழாய் வந்தது. நீர் வந்த செய்தி கேட்டு, ஓய்வு பெற்றிருந்த நான் அவிநாசியிலிருந்து பேருந்து ஏறிச் சென்றேன். கூடத்தின் படிகள் நீரில் மறைந்திருந்தன. உள்ளே முழங்காலளவு நீரில் நாற்காலி ஒன்று மிதந்துகொண்டிருந்தது. கரையில் அம்முதியவர் ஆடுகளோடு நின்றார். "பாத்தீங்களா" என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

"வாத்தியாருங்க, அன்னைக்கு நான் ஆகாதுன்னு சொன்னது அந்தப் புஸ்தகத்துல எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

மறுவாரம் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்நாளின் பக்கம் தெளிவான கையெழுத்தில் இருந்தது. கூடம் பற்றிய தீர்மானத்தின் கீழே, "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதியிருந்தார்கள். அதன் அடியிலிருந்த கையொப்பங்களுள் மூன்றாவது என்னுடையது.