விண்டோஸ் 10: மாறணுமா, வேண்டாமா?

தெமியாங்கில் ஒரு வீடு. அண்ணன் படித்து முடித்த மடிக்கணினியில் தம்பி எஸ்.பி.எம் தேர்வுக்குப் படிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது.

“நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?”

கேள்வியில் நியாயம் உண்டு. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். பல பழைய கணினிகள் இதற்குத் தகுதி பெறாது. அப்படியென்றால் புதுக் கணினிதான் வாங்க வேண்டும்.

ஆனால் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட ‘வானாகிரை’ 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கியது. அதைத் தடுக்கும் புதுப்பிப்பு மார்ச்சிலேயே வந்துவிட்டது. பலர் அதைப் போடவில்லை.

சரி, என்ன செய்யலாம்? 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புக்குப் பதிந்துகொள்ளலாம். உபுண்டு, லினக்ஸ் மின்ட் இரண்டும் இலவசம். ஆனால் மைக்ரோசாப்ட் ஆபீஸ் அவற்றில் நேரடியாக ஓடாது. பலர் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எது செய்தாலும், முதலில் கோப்புகளை நகல் எடுத்து வைங்க. புதுப்பிப்பே வராத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்காதீங்க.