அறக்கட்டளை: கட்டளை யாருடையது?

‘டிரஸ்ட்’ என்ற ஆங்கிலச் சொல் நம்பிக்கையின் மேல் நிற்பது. ஒருவர் தம் சொத்தை இன்னொருவர் கையில் நம்பி ஒப்படைக்கிறார். அதற்கு நாம் வழங்கும் பெயரிலோ நம்பிக்கைக்கு இடமே இல்லை, இருப்பது கட்டளை.

கட்டளைக்குப் பொருள் பல. வள்ளுவரின் கட்டளைக்கல் பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். செங்கல் அறுக்கும் அச்சுக்கும் கட்டளை என்று பெயருண்டு. ஏவலும் கட்டளைதான். மூன்றிலும் ஓடுவது ‘இம்மியும் பிசகாமல் இப்படியே’ என்ற வரையறை. கோயில் வழக்கில் அது இன்னும் இறுகியது. இந்த நிலத்து விளைச்சலில் இந்தப் பூசை, இந்த நாளில் இத்தனை படி அரிசி என்று கொடுத்தவர் விதித்துவைத்த ஏற்பாட்டுக்கே கட்டளை என்று பெயர். திருவாரூர்க் கோயிலின் ராஜன் கட்டளை அப்படிப்பட்டது. சைவ ஆதீனங்களில் இவற்றைக் கவனிக்கும் துறவியைக் கட்டளைத் தம்பிரான் என்பார்கள்.

பெயர் எப்போது வந்திருந்தாலும் பொருள் பழையது. சோழர் கல்வெட்டுகளில் அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றுக்குப் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. ஆடு சாகும், குட்டி வளரும். மந்தை மட்டும் குறையக்கூடாது. ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மூலநிதியைத் தொடாமல் வட்டியில் அறம் செய் என்பதை இதைவிட அழகாக எந்த ஆடிட்டரும் சொன்னதில்லை. காவலுக்குக் கல்வெட்டின் முடிவில் ‘பன்மாகேசுவரர் இரட்சை’ என்று பொறித்தார்கள். சிவனடியார் கூட்டமே பொறுப்பு.

கொடுத்தவர் கட்டளையை மாற்றலாமா? பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தபோது கோயில் பணிக்கும் தருமத்துக்கும் உயில் எழுதி வைத்திருந்தார். அந்த உயில் மீதான வழக்கு பல ஆண்டு நீண்டது. தருமச் செலவு போக மிஞ்சிய பணத்தைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842-இல் சென்னையில் பள்ளி பிறந்தது. கட்டளை முதன்முறையாகக் கோயிலைத் தாண்டியது என்று சொல்லமாட்டேன். ஆனால் கொடுத்தவர் சொல்லோடு நீதிமன்றத்தின் சொல்லும் அதில் சேர்ந்துகொண்டது.

தருமம் என்று எழுதிய இடங்களில் அறம் ஏறிய 20-ஆம் நூற்றாண்டில் ‘அறக்கட்டளை’ நிலைபெற்றது. 1984-இல் தமிழக அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டது. லாப நோக்கமற்ற அமைப்புதான் கல்லூரி நடத்தலாம் என்பது விதி. விளைவு, ஊர்ப் பேச்சில் ‘டிரஸ்ட் வச்சிருக்கார்’ என்றால் காலேஜ் வைத்திருக்கிறார் என்று பொருளாகிவிட்டது. லாபமற்ற துறையின் பணம் எங்கே புழங்குகிறது என்பதை அகராதிக்கு முன்னால் தெரு சொல்லிவிட்டது.

இன்று உண்மையில் கட்டளையிடுவது வருமான வரிச் சட்டம். வரிவிலக்கு வேண்டுமானால் பொதுவாக ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும்.

ஆனால் காவல்? லாப நோக்கமற்ற அமைப்புகளை மத்தியப் புள்ளியியல் அலுவலகம் எண்ணியபோது, 2008 வரை நாட்டில் பதிவானவை சுமார் 31 லட்சம் எனத் தெரிந்தது, பெரும்பாலும் சங்கங்கள். முகவரி தேடிப் போன சுமார் 22 லட்சத்தில் கண்டுபிடிக்க முடிந்தவை 7 லட்சத்துக்கும் குறைவு. பெயர்ப்பலகையில் அறம் எழுதுவது எளிது. கட்டளை எழுதியவர்கள் காவலையும் சேர்த்தே எழுதினார்கள். நாம் அதை விட்டுவிட்டோம்.